பன்றி அசையாமல் நிற்கும் நேரமே கணக்கு

"பன்றி ஆறு குட்டிதான் போட்டது டாக்டர், கிடாவில் (ஆண் பன்றியில்) கோளாறா?" என்று பண்ணையாளர்கள் கேட்கும்போது, எப்போது சேர்த்தீர்கள் என்றுதான் முதலில் விசாரிப்பேன். "சிவந்து வீங்கியிருந்தது, அன்றைக்கே விட்டோம்" என்பார்கள். குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

பிறப்புறுப்பு சிவந்து வீங்குவது சினைப்பருவம் நெருங்குவதற்கான அடையாளம் மட்டுமே. கிடாவை ஏற்க இன்னும் ஓரிரு நாள் ஆகலாம். சிவப்பு மங்கி, தெளிந்த நீர்போல் வடிந்தது பிசுபிசுப்பாக மாறும்போது இடுப்பை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பாருங்கள். முதுகை விறைத்து, காதை நிமிர்த்தி, மரம்போல் நின்றால் அதுதான் நேரம். கிடா எதிரே நின்றால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அதன் எச்சில் நுரையின் வாடையே பன்றியை நிற்கவைக்கும். ஆனால் கிடாவை எப்போதும் பக்கத்துக் கொட்டிலிலேயே கட்டிப்போட்டால் அந்த வாடை பழகிவிடும். தனியே வைத்திருந்து, காலையும் மாலையும் கொண்டுவந்து காட்டுங்கள்.

இந்த நிற்கும் பருவம் ஈன்ற பன்றிக்கு இரண்டு மூன்று நாள் நீடிக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு கழிந்த பிறகே, ஏறத்தாழ 40 மணி நேரத்தை ஒட்டி, முட்டைகள் வெளிவரும். முட்டைக்கு ஆயுள் ஆறேழு மணி நேரம், கருப்பையில் விந்தணுவுக்கு ஒரு நாள் அளவு. முந்தினால் விந்து வீண், பிந்தினால் முட்டை வீண். அதனால் காலையில் நின்றால் அன்று மாலையோ மறுநாள் காலையோ சேர்த்து, 12 மணி நேரம் கழித்து மறுமுறையும் சேருங்கள். இளம் பன்றிக்குப் பருவம் குறுகியது, தள்ளிப்போட வேண்டாம்.

தாயிடமிருந்து குட்டி பிரித்த நாளைச் சுவரில் எழுதிவைப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நான்காம் நாளே பருவத்துக்கு வரும் தாய்க்கு நிற்கும் பருவம் நீண்டிருக்கும், அவசரம் இல்லை. ஆறு, ஏழு நாள் கழித்து வருவதற்குச் சீக்கிரமே முடிந்துவிடும். நின்றது தெரிந்ததும் சேர்த்துவிடுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் அதிகாலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ மட்டும் விடுங்கள். கிடா ஒருமுறை வெப்பத்தில் தவித்தால் அதன் விந்தின் தரம் ஒரு மாதத்துக்கு மேலும் குறைந்திருக்கும். சேர்த்த பன்றியை முதல் மாதம் இடம் மாற்றாதீர்கள், புதிய கூட்டத்தோடும் விடாதீர்கள். கரு கலைய அது போதும்.

சேர்த்த 18ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள் வரை தினமும் கிடாவைக் காட்டிப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் சினை என்று கொண்டு, சேர்த்த தேதியிலிருந்து 114 நாள் எண்ணி ஈற்றுக் கொட்டிலைத் தயார் செய்யலாம்.