வெளுத்த முருகைக்கல்லை எறிவதற்கு முன்

பங்குனி, சித்திரை வந்தால் என் வட்ஸ்அப்புக்கு ஒரே மாதிரிப் படங்கள் வரத் தொடங்கும். வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ ஒரு மாடிவீட்டு வரவேற்பறை, நீல விளக்கு எரியும் கடல்நீர்த் தொட்டி, அதன் நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு முருகைக்கல். கூடவே ஒரு வரி: "தம்பி, இது செத்துப் போச்சு போல. எடுத்து எறியட்டா?"

இப்படியான தொட்டிகளைப் பராமரிப்பதுதான் என் தொழில். நான் எப்போதும் சொல்லும் பதில், "எறியாதீங்க அக்கா. இரவு விளக்கை அணைச்சுப்போட்டு ரோர்ச் அடிச்சுப் பாருங்க."

முருகைக்கல் என்பது தானே கட்டிய கல்லின் மேல் மெல்லிய தோலாகப் படர்ந்திருக்கும் ஒரு விலங்கு. நாம் பார்க்கும் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் அந்தச் சதைக்குள் குடியிருக்கும் ஒருகல அல்காக்களால் (கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள்) வருபவை. வெளிச்சத்தில் உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கை அவை முருகைக்குக் கொடுக்கின்றன. தண்ணீர் அளவுக்கு மிஞ்சிச் சூடானால் இந்த ஏற்பாடு குழம்பி, சதையைத் தாக்கும் நச்சு ஒட்சிசன் சேரத் தொடங்கும். முருகை அல்காவை வெளியே தள்ளிவிடும். மிஞ்சுவது நிறமற்ற சதை. அதனூடாக உள்ளே இருக்கும் கல், அதாவது வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. 1998 இல் ஹிக்கடுவைக் கடலில் நடந்ததும் இதுதான். உங்கள் தொட்டியில் வெளுத்த விலங்குக்கு இப்போது பசி, ஆனால் உயிர் இருக்கிறது.

ரோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து உற்றுப் பாருங்கள். எலும்பின் மேல் ஈரமான, கண்ணாடி மாதிரி மினுங்கும் படலம் இருக்கிறதா? உணவு பிடிக்கும் மெல்லிய விரல் போன்ற கொம்புகள் கொஞ்சமாவது வெளியே நீண்டிருக்கின்றனவா? மூளை முருகையென்றால் நடுவில் உள்ள வாய், வெளிச்சம் பட்டதும் மெல்லச் சுருங்குகிறதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அது உயிரோடு இருக்கிறது. செத்த முருகையில் படலமே இராது. தகடு தகடான எலும்பின் கூர்விளிம்புகள் வெறுமையாக நிற்கும், சில நாட்களில் அதன் மேல் பாசி பிடித்துவிடும்.

எல்லா வெள்ளையும் வெளுப்பு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அக்ரோபோரா என்னும் கிளை முருகையின் நுனி மட்டும் வெள்ளையாக இருந்தால் அது புது வளர்ச்சி, சந்தோஷப்படுங்கள். அடியிலிருந்து வெள்ளை மேலே ஏறி வந்தால் சதை உரிகிறது என்று அர்த்தம், அது உண்மையான ஆபத்து. பழுப்பு நிறச் சளி மாதிரி ஏதாவது படர்ந்து சதை கரைந்தால் அன்றைக்கே அந்தக் கல்லைத் தனியாக எடுத்து, சளியைக் குழாயால் உறிஞ்சி வெளியேற்றுங்கள். பக்கத்தில் இருப்பவற்றுக்கும் அது பரவும்.

சரி, வெளுத்திருக்கிறது, உயிரும் இருக்கிறது. முதல் வேலை வெப்பமானியைப் பார்ப்பது. தொட்டி நீர் 25, 26 பாகையில் இருப்பது நல்லது. கொழும்பில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் பிற்பகலில் அறையே 31, 32 பாகைக்கு ஏறிவிடும், மேலே விளக்கும் பம்புகளும் வேறு சூடாக்கும். "எங்கட வீட்டில சில்லர் இருக்கே" என்பார்கள். போய்ப் பார்த்தால், நீரைக் குளிராக்கும் அந்த இயந்திரம் தொட்டிக்குக் கீழே உள்ள மர அலுமாரிக்குள் இருக்கும். கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கும். தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அந்த அலுமாரிக்குள்ளேயே கொட்டி, அதே சூடான காற்றைத் திரும்ப இழுத்துக்கொண்டு இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். நான் பார்க்கும் வெளுப்புகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. சில்லரை அலுமாரிக்கு வெளியே, காற்று வரும் இடத்தில் வையுங்கள்.

சில்லர் இல்லாவிட்டால் நீர்மட்டத்தை நோக்கிச் சிறிய ஃபேன் வைக்கலாம். ஆனால் கொழும்புக் காற்றில் ஈரப்பதன் அதிகம், அதனால் குறையும் சூடும் கொஞ்சம்தான். ஆவியாகிப் போவது நன்னீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கி அடர்த்தி ஏறும். எனவே ஆர்.ஓ. வடிகட்டியில் சுத்தமாக்கிய நன்னீரை ஒவ்வொரு நாளும் ஊற்றி, உப்பை ஆயிரத்துக்கு 35 அளவிலேயே வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் ஐஸ் கட்டியை அள்ளிப் போடாதீர்கள். ஏறிய சூட்டை ஒரு நாள், இரண்டு நாள் எடுத்து இறக்குங்கள்.

அடுத்தது விளக்கு. வாடிய செடிக்கு வெயில் வைப்பது போல விளக்கைக் கூட்டிவிடுபவர்கள் நிறையப் பேர். இங்கே அது கெடுதல். சூடும் கடும் வெளிச்சமும் சேர்ந்துதான் வெளுப்பைத் தருகின்றன. விளக்கைப் பாதியாகக் குறைத்து, நிறம் மீண்டு வர வரக் கிழமைக் கணக்கில் ஆறுதலாகக் கூட்டுங்கள்.

அல்கா இல்லாத நாட்களில் உணவை நாம்தான் கொடுக்க வேண்டும். கிழமைக்கு இரண்டு முறை, இரவில் கொம்புகள் வெளியே வந்த பிறகு, பம்பை நிறுத்திவிட்டு, உருக வைத்த ஆர்ட்டீமியாவை (சின்ன உப்புநீர் இறால்) ஒரு துளிக்குழாயால் வாய்ப்பக்கம் மெல்ல விடுங்கள். சின்னத் துண்டுகளாக இருக்க வேண்டும். பெரிய இறால் துண்டைத் திணித்தால் துப்பிவிடும், அது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். கால் மணித்தியாலம் கழித்துப் பம்பைப் போட மறக்க வேண்டாம்.

எலும்பு கட்ட கல்சியமும் காரத்தன்மையும் வேண்டும். கல்சியம் மில்லியனுக்கு 400 முதல் 450, காரத்தன்மை 8 அல்லது 9 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) இருந்தால் போதும். இன்றைக்கு 7, நாளைக்கு 11 என்று ஆட்டுவதை விட 7.5 இலேயே நிலையாக நிற்பது மேல். காரத்தன்மை குறைந்திருந்தால் சமையலறை அப்பச்சோடாவே போதும்: 100 லீற்றருக்கு ஏறத்தாழ 3 கிராம் போட்டால் 1 டி.கே.எச். ஏறும். ஒரு நாளில் அதற்கு மேல் ஏற்றாதீர்கள். பேக்கிங் பவுடர் வேறு சாமான், அதைத் தொடவே வேண்டாம். செலவு மிச்சமென்று வெள்ளவத்தைக் கரையில் கலனில் கடல்நீர் அள்ளி வந்து ஊற்றுவதையும் நிறுத்துங்கள். கால்வாய் வந்து விழும் கடல் அது. மழைக்காலத்தில் உப்பும் குறைந்திருக்கும்.

கரண்ட் போனால் சில்லரை விட நீரோட்டம்தான் முக்கியம். 2022 இல் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, சாதாரண பற்றரிக் காற்றுப் பம்ப் வைத்திருந்த வீடுகளில் முருகைகள் தப்பின. சூடான நீரில் ஒட்சிசனும் குறைவு. ஒன்றை வாங்கி, அதற்குரிய பற்றரியும் போட்டு அலுமாரியில் வையுங்கள்.

இத்தனையும் செய்தும் ஒன்று செத்துவிட்டால், அடுத்த நாளே கடைக்கு ஓட வேண்டாம். நம் கடலில் கடின முருகையை உடைத்து எடுப்பது வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து வருபவையும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை, அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. ஆகவே பத்திரத்தைக் கேளுங்கள். அதை விட நல்லது, தொட்டியிலேயே வளர்த்த துண்டு. அதுவும் உங்கள் தொட்டியின் வெப்பமும் காரத்தன்மையும் இரண்டு கிழமை ஆடாமல் நின்ற பிறகுதான்.