நகை இன்னும் கிடைக்கவில்லை: திருட்டு வழக்கில் முன்ஜாமீன்

"வேலை பார்த்த வீட்டில் வளையல் காணாமல் போயிருக்கிறது. புகாரில் என் அக்கா பெயர் இருக்கிறது. முன்ஜாமீன் கிடைக்குமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கிடைக்குமா என்பது நீதிபதிக்கே தெரியும். அவர் எதைப் பார்ப்பார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

முன்ஜாமீனுக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 438ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482. செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ மனு போடலாம். முன்வழக்கு உண்டா, ஓடிவிடுவாரா, சாட்சியை மிரட்டுவாரா என்பதெல்லாம் எல்லா வழக்கிலும் வரும் கேள்விகள். திருட்டில் மட்டும் அரசு வழக்கறிஞர் எழுந்ததும் சொல்வது வேறு: "நகை இன்னும் மீட்கப்படவில்லை, காவலில் விசாரிக்க வேண்டும்."

ஏன் காவலில்? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஆனால் சாட்சியச் சட்டத்தின் பழைய 27ஆம் பிரிவு (இன்று புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவுக்குள் இருக்கிறது) ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. "பீரோவைத் திறந்து நான்தான் எடுத்தேன், வளையலைத் துணியில் சுற்றி மாட்டுக்கொட்டகைப் பரணில் வைத்திருக்கிறேன்" என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். போலீஸ் போய்ப் பார்க்கிறது, பரணில் வளையல் இருக்கிறது. உடனே நீதிபதி அந்த வாக்கியத்தை நடுவில் வெட்டுகிறார். "நான்தான் எடுத்தேன்" குப்பைக்குப் போகும். பரணைப் பற்றிய பாதி சாட்சியமாக நிற்கும். வளையல் மட்டுமல்ல, அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பதும் அந்தக் கண்டுபிடிப்பில் அடக்கம். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து அன்றைய கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன புலுக்குரி கோட்டையா வழக்கில், வைக்கோல் போரில் ஒளித்த ஈட்டியை வைத்து நிலைநாட்டிய விதி இது.

சிக்கல் என்னவென்றால், சொல்பவர் போலீஸ் காவலில் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு. முன்ஜாமீன் வாங்கியவர் காவலில் இல்லையே! அதற்கும் வழி வைத்தார்கள். தானாக வந்து தகவல் சொல்பவர், சொல்லும் அந்தக் கணத்தில் காவலில் இருப்பதாகவே கருதப்படுவார் என்றது 1960இல் உச்ச நீதிமன்றத்தின் தேவ்மான் வழக்கு. 1980இல் குர்பக்ஷ் சிங் சிப்பியா வழக்கில் அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை முன்ஜாமீனோடு முடிச்சுப் போட்டது. கைவிலங்கு இல்லை, லாக்கப் இல்லை. ஆனாலும் சட்டத்தின் கண்ணுக்குக் காவல்! நினைக்க நினைக்க அழகாக இருக்கிறது.

ஆக, "மீட்கவில்லை" என்பது மட்டுமே மனுவைத் தள்ளுபடி செய்யப் போதுமான காரணமில்லை என்பது என் கருத்து. மறுபக்கமும் உண்டு: முன்ஜாமீன் பாதுகாப்போடு உட்கார்ந்திருப்பவரை விசாரிப்பது வெறும் சடங்காகிவிடலாம் என்று 1997இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எனவே காவலில் எடுத்தால் புதிதாக என்ன கிடைக்கும் என்று நீதிபதி கேட்பார், கேட்க வேண்டும். கைரேகைப் பிரிவுக்கும் தடயவியல் ஆய்வகங்களுக்கும் ஒழுங்காகப் பணம் ஒதுக்கினால், எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவரின் வாயிலிருந்தே பிடுங்கும் பழக்கம் குறையும். நம் ஊரில் இன்னமும் வெற்றிலையில் மை தடவித் திருடனைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மை பார்த்துச் சொன்ன பெயர் புகாரில் ஏறினால், ஜாமீனுக்கு அலைவது பெரும்பாலும் வேலைக்காரப் பெண்தான்.

அப்புறம் நிபந்தனைகள்: இரண்டு ஜாமீன்தாரர்கள், காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து, கூப்பிட்டால் விசாரணைக்கு வருவது.

வேலை செய்யும் இடத்தில் திருடியதாகச் சொல்லும் குற்றத்துக்கு 7 ஆண்டு வரைதான் தண்டனை. அதனால் கைது கட்டாயமில்லை. ஆஜராகச் சொல்லி போலீஸிடமிருந்து அதே சன்ஹிதாவின் 35ஆம் பிரிவில் நோட்டீஸ் வரலாம். வந்தால் அக்காவைத் தவறாமல் போகச் சொல்லுங்கள். நோட்டீஸை மதித்து ஆஜராகிறவரைக் கைது செய்ய, போலீஸ் காரணத்தை எழுதி வைத்தாக வேண்டும்.