ஈ.பி. – சிறுதொகுப்பு

ஆஸ்திரேலியாவின் பைரன் பே ஊரில் 2003இல் உருவான மெட்டல்கோர் (ஹெவி மெட்டலும் ஹார்ட்கோர் பங்கும் கலந்த உரத்த இசைவகை) இசைக்குழு பார்க்வே டிரைவ். அதன் முதல் முழுநீள ஆல்பம் 2005இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே 'டோன்ட் க்ளோஸ் யுவர் ஐஸ்' என்ற ஈ.பி. வந்துவிட்டது. 'எக்ஸ்டெண்டட் பிளே' என்பதன் சுருக்கமே ஈ.பி. ஆல்பத்தைவிடச் சிறிய ஒன்றுக்கு 'நீட்டித்த' என்ற அடைமொழி எப்படிப் பொருந்தும்?

விடை பழைய இசைத்தட்டில் இருக்கிறது. இங்கே 'பிளே' என்பது தட்டு ஓடும் நேரத்தைக் குறிக்கும். ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1949இல் கொண்டுவந்த, நிமிடத்துக்கு 45 முறை சுழலும் 7 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு ஒரு பாட்டுதான் இருக்கும். ஒலி உரக்க இருந்தால் ஊசி ஓடும் தடம் பக்கவாட்டில் அகலமாக நெளியும் என்பதால், ஒலியளவைச் சற்றுக் குறைத்துத் தடங்களை நெருக்கி வெட்டி, அதே அளவுத் தட்டில் பக்கத்துக்கு ஏறத்தாழ ஏழரை நிமிடம் ஓடும்படி 1952இல் செய்தார்கள். ஆக, நீட்டம் என்பது ஒற்றைப் பாட்டுத் தட்டோடு ஒப்பிட்டுச் சொன்னது. தமிழ்த் திரைப்பாடல்களும் பக்கத்துக்கு இரண்டாக, நான்கு பாடல்களுடன் இத்தகைய தட்டுகளில் வந்திருக்கின்றன.

தட்டு வழக்கொழிந்த பின்னும் பெயர் நிலைத்தது. இன்று அது ஒற்றைப் பாட்டு வெளியீடான சிங்கிளுக்கு மேல், ஆல்பத்துக்குக் கீழ் என்ற அளவையே சுட்டுகிறது. முழு ஆல்பத்துக்கு ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகையைத் தாங்க முடியாத புதிய குழுக்களுக்கு, சில பாடல்களோடு தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள ஏற்ற வடிவம் இது.

ஈ.பி.யைத் தமிழில் 'நீள் இசைத்தட்டு' என்றால், முழு ஆல்பம் கொள்ளும் 'லாங் பிளே' தட்டான எல்.பி.யோடு குழம்பும், 'குறுந்தகடு' ஏற்கெனவே சி.டி.க்கு உரியது. 'குறுந்தொகை' என்ற சொல் மனத்தை ஈர்த்தாலும், அந்தச் சங்க நூலின் பெயரில் 'குறு' என்பது பாடல்களின் அடியளவைக் குறிக்கிறது. நானூறு பாடல்கள் கொண்ட தொகை சிறியதன்று. ஈ.பி.யிலோ பாடல்கள் வழக்கமான நீளத்தில்தான் இருக்கும், தொகுப்புதான் சிறியது. எனவே 'சிறுதொகுப்பு' என்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். சிங்கிளைத் தனிப்பாடல் என்றும் ஆல்பத்தை இசைத்தொகுப்பு என்றும் வழங்கினால், மூன்றும் ஒரே வரிசையில் அமையும். 'டோன்ட் க்ளோஸ் யுவர் ஐஸ்' பார்க்வே டிரைவின் தொடக்ககாலச் சிறுதொகுப்பு என்று தயக்கமின்றி எழுதலாம். பழைய 7 அங்குலத் தட்டைப் பற்றி எழுதும்போது மட்டும் 'ஈ.பி. இசைத்தட்டு' என்றே எழுதுவது நல்லது; அங்கே அந்த நீட்டம் உண்மையானது.