கூறைச்சேலையின் சிவப்பும் 17 பேரின் கண்களும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிக்குடியில் கலியாண வீடியோ தொகுக்கும் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் எனக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தார். மடிக்கணினியின் சிறிய திரை போதவில்லை என்று 27 அங்குல மொனிட்டர் ஒன்றை வாங்கி, எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்திருக்கிறார். அதில் மணமகளின் கூறைச்சேலை தீப்பற்றியது போன்ற சிவப்பாகத் தெரிந்ததால் கண்ணுக்கு இதமாகும் வரை நிறச்செறிவைக் குறைத்து, முகங்கள் வெளிறித் தெரிந்ததால் சற்று மஞ்சளும் ஏற்றி, வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார். பெண் வீட்டார் தங்கள் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தபோது கூறை பழைய செங்கல்லின் நிறத்தில் மங்கியிருந்தது. மணமக்கள் இருவரும் மஞ்சட்காமாலை கண்டவர்களைப் போலிருந்தார்கள். “என் மொனிட்டர் பிழையா, அவர்களின் டிவி பிழையா?” என்று கேட்டிருந்தார்.

தொலைக்காட்சியும் முற்றிலும் சரியாக இருந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கதையில் நிறத்தைத் திரித்தது மொனிட்டர்தான், அதுவும் இரண்டு வழிகளில்.

வீடியோக் கோப்புக்குள் நிறம் என்று எதுவும் இல்லை; எண்கள் மட்டுமே உண்டு. “சிவப்பு முழு அளவு, பச்சை சுழியம், நீலம் சுழியம்” என்று கோப்பு சொன்னால், எந்தச் சிவப்பு என்பதைத் திரைதான் தீர்மானிக்கிறது. ஆளுக்கொரு சிவப்பு ஆகிவிடக் கூடாது என்பதற்காக, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கீழ் 1990இல் ரெக். 709 என்ற தரம் வெளியானது. உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கான சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை ஆகியன எவையென்று அது ஆயத்தொலைகளாகவே வரையறுத்தது. இன்று கடைகளில் “அகன்ற நிறப்பரப்பு” என்று விற்கப்படும் பல மொனிட்டர்களின் சிவப்பு, அந்தத் தரத்தின் சிவப்பைவிடச் செறிந்தது. அந்தத் திரையை ரெக். 709 அல்லது கணினித் திரைகளுக்கான தரமான எஸ்ஆர்ஜிபி நிலைக்கு மாற்றாமல் கடையிலிருந்து வந்தபடியே வைத்தால், கோப்பிலுள்ள அதே எண் அங்கே மிகையான சிவப்பாக எரியும். தம்பி குறைத்தது கூறையின் சிவப்பை அல்ல, தன் மொனிட்டரின் மிகையை. அந்தக் குறைப்பு கோப்பில் பதிந்து பெண் வீட்டுக்குப் போய்விட்டது.

முகங்கள் மஞ்சளான கதையும் இவ்வாறானதே. விற்பனைக்கு வரும் திரைகள் பலவற்றின் வெள்ளை, தரம் கேட்கும் டி65 என்ற பகல்வெளிச்ச வெள்ளையைவிட நீலம் தோய்ந்தது. நீலம் தோய்ந்த திரையில் தோல் வெளிறித் தெரியும். தொகுப்பவர் மஞ்சளை ஏற்றி ஈடுசெய்வார். திரையின் குறை இப்படி எதிர்ப்பக்கமாகத் திரும்பி வேலைக்குள் புகுந்துவிடும்.

அப்படியானால் “சரியான சிவப்பு” எது, “சரியான வெள்ளை” எது என்று யார் சொல்வது? இந்த இடத்தில்தான் அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனைகளில் ஒன்று வருகிறது.

நம் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புக் கலங்கள் மூன்று வகை என்பது பள்ளிப் பாடம். அதன் விளைவை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்றின் மஞ்சள், பச்சையிலிருந்து சிவப்பு வரை நீளும் அலைநீளங்களை ஒரு விரிந்த அலையாகத் தெறிக்கிறது. அதே மஞ்சளைக் காட்டும் திரையில் மஞ்சளுக்கென்று விளக்கே இல்லை. சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் அருகருகே ஒளிர்கின்றன, அவ்வளவுதான். இரண்டும் பௌதிகத்தில் வெவ்வேறான ஒளிகள். ஆயினும் மூன்று வகைக் கூம்புகளையும் ஒரே விகிதத்தில் தூண்டினால், கண்ணால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. தொலைக்காட்சித் தொழில் முழுவதும் கண்ணின் இந்தக் குறைபாட்டின் மீதே எழுந்து நிற்கிறது.

1920களின் இறுதியில் டேவிட் ரைட், ஜோன் கில்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள், ஒருவர் செய்வதை மற்றவர் சாராமல், இதை அளக்கப் புறப்பட்டார்கள். இருட்டறையில் ஒருவர் ஒரு துளை வழியே பார்க்கிறார். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு அகலமாகத் தெரியுமோ ஏறத்தாழ அவ்வளவே அகலமான ஒளிவட்டம். அது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பாதியில் ஆய்வுக்குரிய தனி அலைநீள ஒளி. மறுபாதியில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் கலவை. அவற்றின் அளவுகளை அவர் தாமே கூட்டிக் குறைக்கலாம். இரண்டு பாதிகளுக்கும் நடுவிலுள்ள கோடு மறையும் வரை அவர் திருக வேண்டும். கோடு மறைந்த கணத்தில் மூன்று எண்களும் குறிக்கப்படும். பின்னர் அடுத்த அலைநீளம், மீண்டும் அதே வேலை.

சில நீலப்பச்சைகளில் எவ்வளவு திருகியும் கோடு மறையவில்லை. கலவை எப்போதும் சற்று வெளுத்தே நின்றது. அப்போது கலவையிலிருந்த சிவப்பை எடுத்து எதிர்ப் பாதியிலிருந்த ஆய்வொளியில் சேர்த்தார்கள், கோடு மறைந்தது. அந்தச் சிவப்பு கணக்கில் எதிர்மறை எண்ணாகப் பதிவானது. எதிர்மறை ஒளியை எந்தத் திரையாலும் உமிழ முடியாது. மயில்கழுத்து நிறப் பட்டு எவ்வளவு நல்ல கமராவில் எடுத்தாலும் ரெக். 709 திரையில் நேரில் கண்டது போல வராமைக்குக் காரணம் இதுதான். அந்த நிறம், நிற வரைபடத்தில் திரையின் மூன்று விளக்குகள் அமைக்கும் முக்கோணத்துக்கு வெளியே நிற்கிறது. எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் இந்த ஒரு விளக்கம் என்னை மகிழ்விக்கத் தவறுவதில்லை.

ரைட்டிடம் 10 பேரும் கில்டிடம் 7 பேரும் கோட்டை மறைத்தார்கள். இரு குழுவினரின் எண்களும் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்தின. அவற்றைக் கொண்டே 1931இல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் “நியம நோக்குநர்” என்ற கணிதக் கண்ணை உருவாக்கியது. திரையின் நிறத்தை அளக்க நாம் இன்று வாங்கும் கலரிமீட்டர் என்ற கருவிக்குள் இருப்பது அந்த 17 பேரின் கண்தான். உணரிகளின் முன் வைக்கப்பட்டுள்ள வடிகட்டிகள், அந்த நோக்குநரின் எண்களாலான மூன்று வளைகோடுகளை முடிந்தவரை ஒத்து நடக்கின்றன. “முடிந்தவரை” என்பதைக் கவனிக்க வேண்டும்: வடிகட்டி முழுமையாகப் பொருந்தாததால், அளக்கத் தொடங்குமுன் திரை வெள்ளை எல்இடியா, ஓஎல்இடியா என்று மென்பொருளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தவறாகச் சொன்னால் கருவியும் தவறாகவே அளக்கும்.

திரையைத் திருத்துவதில் மற்றப் படிகள் எளியன. மொனிட்டரை அரை மணி நேரம் எரியவிட்டு, “விவிட்” போன்ற அழகூட்டும் தெரிவுகளையும் கணினியின் இரவு நிலையையும் நிறுத்தி, வெள்ளையின் பிரகாசத்தை 100 நிட்டுக்கும் நிறத்தை டி65க்கும், இடைப்பட்ட சாம்பல்கள் எவ்வளவு இருளும் என்பதை வகுக்கும் காமாவை இருண்ட அறையில் 2.4க்கும் கொண்டுவர வேண்டும். பின்னர் கருவியைத் திரையின் நடுவில் தொங்கவிட்டால், நிறச் சதுரங்கள் ஒவ்வொன்றாக மின்னி மறையும். கேட்ட நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து “லட்” எனப்படும் திருத்த அட்டவணை கணிக்கப்படும். ஒவ்வோர் அச்சிலும் 33 படிகள் கொண்ட அட்டவணையில் 35,937 புள்ளிகள் இருக்கும். இதை மொனிட்டருக்குள்ளேயோ, டாவின்சி ரிசோல்வ் என்ற தொகுப்பு மென்பொருளில் வெளித்திரைக்கென உள்ள இடத்திலோ ஏற்றலாம். காணொளியின் மீதே ஏற்றிவிடக் கூடாது.

கணினியின் சாதாரண எச்டிஎம்ஐ வாயிலால் செல்லும் படத்தில் இயங்குதளமும் கிராபிக்ஸ் அட்டையும் கைவைக்கும் என்பதால், இயன்றவர்கள் டெக்லிங்க் போன்ற தனி வெளியீட்டு அட்டையைப் பயன்படுத்துவது நல்லது. அது இல்லாவிட்டாலும் இரண்டு அமைப்புகளைச் சரிபார்க்க வேண்டும். தொலைக்காட்சி வழக்கில் கறுப்பின் எண் 16, வெள்ளையின் எண் 235. கணினி வழக்கில் 0, 255. அனுப்புவதும் பெறுவதும் வேறுபட்டால், மணமகனின் கறுப்புக் கோட்டின் மடிப்புகள் மறைந்துபோகும், அல்லது கோட்டே சாம்பலாகும். அடுத்தது, இலங்கையில் வழங்கும் 25 பிரேம் காணொளியை 60 ஹேர்ட்ஸ் திரையில் ஓட்டினால் பிரேம்கள் இரண்டும் மூன்றுமாக மாறி மாறி நின்று அசைவு தட்டுத்தடுமாறும். 50 ஹேர்ட்ஸுக்கு மாற்றினால் தீர்ந்துவிடும். தங்கமுலாம் பூசிய கேபிள் நிறத்தை மேம்படுத்தும் என்ற நம்பிக்கைக்கு மட்டும் பணம் செலவிட வேண்டாம். எண்ணாகச் செல்லும் சமிக்ஞை பழுதானால் புள்ளிகள் மின்னும், படம் அறுந்துபோகும். சிவப்பு இன்னும் சிவப்பாகாது.

கலரிமீட்டரைத் தனியொருவர் வாங்குவது கடினம் என்பதை அறிவேன். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்களும், கல்லடியில் அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கும் இந்தக் கிழக்குக் கரையில், நெசவாளரின் சாயத்துக்கும் ஸ்டூடியோக்காரரின் திரைக்கும் பொதுவாக ஒரு நிற அளவீட்டுக் கூடம் அமைவது பெரும் செலவல்ல. ஆய்வுப் பணம் அளவுகோல்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அறையையும் மறக்கக் கூடாது. நம்மூர் ஸ்டூடியோக்களில் கிளிப்பச்சைச் சுவர்கள் அதிகம். அந்தப் பச்சை கண்ணைப் பழக்கி, முகங்களைச் சிவக்கக் காட்டும். திரைக்குப் பின்சுவர் சாம்பல் நிறமாகவும், அதன்மேல் விழும் மங்கிய விளக்கு பகல்வெளிச்ச வெள்ளையான 6500 கெல்வினாகவும் இருக்கட்டும். வாவிப் பக்கத்து யன்னலை மூடிவிட வேண்டும்.

திருத்திய திரையை முதன்முதலில் பார்க்கும்போது தம்பிக்கு ஏமாற்றமாக இருக்கும். மஞ்சளடித்தும் மங்கியும் தோன்றும். பிழையாகச் செய்துவிட்டோமோ என்று கை பொத்தானைத் தேடும். எதையும் தொடாமல் கால் மணி நேரம் அதிலேயே வேலை செய்யட்டும். பின்னர் பக்கத்திலுள்ள மடிக்கணினியைத் திரும்பிப் பார்த்தால், அதன் வெள்ளை நீலமாகத் தெரியும்.