அனோவா: பரவற்படிப் பகுப்பாய்வு

அனோவா என்பது 'அனாலிசிஸ் ஆஃப் வேரியன்ஸ்' என்ற தொடரின் சுருக்கம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்களின் சராசரிகள் உண்மையில் வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் சோதனை இது. சராசரிகளை ஒப்பிடும் சோதனையின் பெயரில் சராசரி என்ற சொல்லே இல்லை. ஏன் இல்லை என்று புரிந்துகொண்ட மாணவருக்கு ஆய்வேட்டின் முடிவுகள் பகுதியை எழுதுவது எளிது.

வேரியன்ஸ் என்ற சொல்லுக்கு இன்றைய புள்ளியியல் பொருளைத் தந்தவர் ரொனால்டு ஃபிஷர். மரபுவழிப் பண்புகள் குறித்த 1918ஆம் ஆண்டுக் கட்டுரையில், திட்ட விலக்கத்தின் வர்க்கத்துக்கு அவர் இப்பெயரிட்டார். ஒன்றையொன்று சாராத இரு காரணங்கள் சேர்ந்து செயல்படும்போது அவற்றின் திட்ட விலக்கங்களைக் கூட்ட முடியாது, வர்க்கங்களைக் கூட்டலாம். கூட்ட முடிவதைப் பிரிக்கவும் முடியும். மொத்தச் சிதறலில் இந்தக் காரணத்தின் பங்கு இவ்வளவு, அந்தக் காரணத்தின் பங்கு இவ்வளவு என்று பிரிப்பதுதான் இங்கே 'அனாலிசிஸ்'. பின்னாளில் ஜார்ஜ் ஸ்னெடெகர், ஃபிஷரைச் சிறப்பிக்கும் வகையில் இச்சோதனையின் விகிதத்துக்கு எஃப் என்ற எழுத்தைச் சூட்டினார்.

தமிழில் வேரியன்ஸுக்குப் பல பெயர்கள் புழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் விலக்க வர்க்கச் சராசரி, பரவற்படி ஆகிய இரண்டும் உண்டு. இலங்கையில் மாறற்றிறன் என்பார்கள். அனோவாவை 'மாறுபாட்டுப் பகுப்பாய்வு' என்று எழுதுவோரும் பலர். அச்சொல் தவறன்று. ஆனால் ஆய்வேட்டில் மாறி, மாறுபாடு, வேறுபாடு மூன்றும் அடுத்தடுத்து வரும்போது, குழுக்களுக்கிடையிலான வேறுபாட்டைத்தான் மாறுபாடு என்கிறோம் என்று வாசகர் மயங்குவார். அதனால் பரவற்படிப் பகுப்பாய்வு என்பதே பொருத்தம். பரவல் என்பது தரவின் சிதறலைச் சுட்டுகிறது. பகுப்பு என்பது அதைப் பிரிப்பதை அப்படியே சொல்லிவிடுகிறது.

ஒரு கற்பனைத் தரவில் பிரித்துப் பார்ப்போம். 60 மாணவர்கள், குழுவுக்கு 20 பேர். ஒரு குழு அமைதியிலும், ஒரு குழு கருவியிசை கேட்டபடியும், ஒரு குழு பாடல் கேட்டபடியும் சொற்பட்டியலை மனப்பாடம் செய்கிறது. நினைவுகூர்ந்த சொற்களின் சராசரி முறையே 14.0, 12.8, 10.4, திட்ட விலக்கம் 3.20, 3.50, 3.68. மொத்தச் சராசரி 12.4. அதிலிருந்து குழுச் சராசரிகள் விலகும் அளவுகள் 1.6, 0.4, −2.0. இவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டி 20ஆல் பெருக்கினால் 134.4. இது குழுக்களுக்கு இடையிலான வர்க்கக் கூடுதல். ஒவ்வொருவரும் தம் குழுச் சராசரியிலிருந்து விலகும் அளவுகளை வர்க்கப்படுத்திக் கூட்டினால், குழுக்களுக்குள்ளே இருப்பது 684. முதலாவதை 2ஆலும் (குழுக்கள் 3, கழித்தல் 1), இரண்டாவதை 57ஆலும் (60 கழித்தல் 3) வகுத்தால் 67.2, 12. இந்த வகுக்கும் எண்களே கட்டின்மைப் படிகள். 67.2ஐ 12ஆல் வகுக்கக் கிடைக்கும் 5.60தான் எஃப். சூழல் எந்த விளைவையும் தரவில்லை என்றால் இவ்விகிதம் 1ஐ ஒட்டியே இருக்கும்.

முடிவை இப்படி எழுதலாம்: "நினைவுகூரலில் சூழலின் விளைவு புள்ளியியல் அடிப்படையில் மிகைகாண் தன்மை உடையது, எஃப்(2, 57) = 5.60, பி = .006, ஈட்டா வர்க்கம் = .16." மிகைகாண் தன்மை என்றால் வெறும் தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாதது என்று பொருள். பி என்பது, சூழலுக்கு விளைவே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய எஃப் தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு. ஈட்டா வர்க்கம் என்பது 134.4ஐ மொத்தமான 818.4ஆல் வகுத்தது, அதாவது மொத்தச் சிதறலில் சூழலின் பங்கு 16 விழுக்காடு. பகுப்பாய்வு என்ற பெயருக்கு நேர்விடை இந்த எண்தான். அதையே விட்டுவிட்டு பி மதிப்பை மட்டும் எழுதும் வழக்கம் மாற வேண்டும்.

மாணவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் அடுத்தது. எஃப் மிகைகாண் தன்மை பெற்றால், எல்லாச் சராசரிகளும் சமம் என்ற இன்மைக் கருதுகோள் விழுகிறது, அவ்வளவே. எந்த இணை வேறுபடுகிறது என்று எஃப் சொல்லாது. "மூன்று குழுக்களும் ஒன்றுக்கொன்று வேறுபட்டன" என்று எழுதிவிடுவது பிழை. அதற்கு டூக்கி போன்ற பின்சோதனை தேவை. நம் தரவில் டூக்கி முறைப்படி இரு சராசரிகளுக்கு இடையே ஏறத்தாழ 2.64 இடைவெளி வேண்டும். அமைதிக்கும் பாடலுக்கும் 3.6; இது தேறுகிறது. கருவியிசைக்கும் பாடலுக்கும் 2.4, அமைதிக்கும் கருவியிசைக்கும் 1.2, இரண்டும் தேறவில்லை. தேறாததை "சமம்" என்று எழுதக் கூடாது, வேறுபாடு இருப்பதற்கான போதிய சான்று கிடைக்கவில்லை என்றே எழுத வேண்டும். மூன்று இணைகளுக்கும் இரு சராசரிகளை மட்டும் ஒப்பிடும் டி சோதனையைத் தனித்தனியே செய்துவிடலாமே என்றால், ஒவ்வொன்றிலும் 5 விழுக்காடு பிழைவாய்ப்பு. அவை ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால் எங்கேனும் ஒன்றில் தவறும் வாய்ப்பு 14 விழுக்காட்டைத் தாண்டும்.

சோதனைக்கு முன் பார்க்க வேண்டியவற்றில் தலையாயது, ஒருவரின் மதிப்பெண் இன்னொருவருடையதைச் சாராதிருப்பது. இது குலைந்தால் எந்தத் திருத்தமும் எளிதில் உதவாது. குழுக்களின் பரவற்படிகள் ஒத்திருக்கின்றனவா என்பதை லெவீன் சோதனை காட்டும். ஒத்திராவிட்டால் வெல்ச் முறைக்கு மாறலாம். அதன் கட்டின்மைப் படி பதின்மத்தில் வந்தால் பதற வேண்டாம், அப்படியே எழுதுங்கள்.

அதே 20 பேர் மூன்று சூழல்களிலும் பங்கேற்றிருந்தால் கணக்கே வேறு. அது மீள் அளவீட்டுப் பரவற்படிப் பகுப்பாய்வு; கட்டின்மைப் படிகள் 2, 38 ஆகும். அங்கே லெவீனுக்குப் பதில் மௌக்ளி சோதனை. அது கோளத்தன்மை (எந்த இரு சூழல்களுக்கிடையிலான வேறுபாட்டுக்கும் பரவற்படி ஒத்திருப்பது) குலைந்ததாகக் காட்டினால் கிரீன்ஹவுஸ்–கெய்சர் திருத்தத்துடன் எழுத வேண்டும். இரு காரணிகள் உள்ள ஆய்வில் இடைவினையை (ஒரு காரணியின் விளைவு மற்றதைப் பொறுத்து மாறுவதை) முதலில் விளக்கிவிட்டுத்தான் தனி விளைவுகளுக்குப் போக வேண்டும். அங்கே எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் தருவது பகுதி ஈட்டா வர்க்கம், அதாவது மற்றக் காரணிகளின் பங்கை மொத்தத்திலிருந்து நீக்கிவிட்டுக் கணக்கிட்டது. அதை வெறும் ஈட்டா வர்க்கம் என்று எழுதினால் விளைவு பெரிதாகத் தோன்றும். அதே மென்பொருள் .000 என்று காட்டும் பி மதிப்பு சுழியன்று; பி < .001 என்று எழுதுங்கள்.