இறுக்கிப் பிடிக்கும் சட்டை குறியைத் திருத்துமா?

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் விடியற்காலையில் மூட்டை இறக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றி, இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்ட பிறகுதான் மூட்டைக்கு முதுகைக் கொடுப்பார்கள். வயிற்றைச் சுற்றி இறுக்கும்போது உள்ளே அழுத்தம் கூடி, முதுகெலும்புக்கு முன்பக்கத்திலிருந்து ஒரு முட்டுக் கிடைக்கிறது.

போன வாரம் அக்கா மகள் ஒரு கறுப்புச் சட்டையோடு வந்து நின்றபோது எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது. என்.சி.சி.யில் துப்பாக்கி பிடிக்கப் பழகியவள், இப்போது 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்குப் பயிற்சி எடுக்கிறாள். "மாமா, இதை உள்ள போட்டா உடம்பு ஆடாதாம். நெசமா?" என்றாள். ஓட்டக்காரர்களும் கிரிக்கெட் ஆடுகிறவர்களும் போடும், தோலோடு ஒட்டிக் கிடக்கிற கம்ப்ரஷன் சட்டை அது. ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை.

எவ்வளவு ஆட்டம் கெடுதல் என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஏர் ரைஃபிள் டார்கெட்டின் நடுப்புள்ளி 0.5 மில்லிமீட்டர்தான். பாயும் பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, 4.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலும் 10 மதிப்பெண் கிடைக்கும். ஆக, பெல்லட்டின் மையம் டார்கெட் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பின் நுனி கால் மில்லிமீட்டர் நகர்ந்தால், அதன் நேர்க்கோடு 10 மீட்டர் தூரத்தில் 2.5 மில்லிமீட்டர் விலகிவிடும். நாலைந்து தாள் கனம் கூட இல்லாத அசைவு அது. ஆனால் ஏர் ரைஃபிளின் எடையோ 5.5 கிலோ வரை போகலாம். அதை நின்றபடி ஏந்தி, 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். இதயம் ஒவ்வொரு முறை ரத்தத்தைத் தள்ளும்போதும் உடம்பு மெல்ல அதிரும். தசைகளுக்கென்று ஒரு நடுக்கம் உண்டு, விநாடிக்கு 8 முதல் 12 முறை. போதாததற்கு மூச்சு வேறு. சலனமே இல்லாத மனித உடம்பு கிடையாது.

அந்தச் சட்டை இந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவதில்லை. மெல்லிய துணிக்கு அவ்வளவு பலம் ஏது? அது செய்யக்கூடியது வேறொன்று. வீட்டில் சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள், உடம்பு தள்ளாடும். இப்போது சாயாமல், சுண்டுவிரல் நுனியால் சுவரைச் சும்மா தொடுங்கள். தள்ளாட்டம் சட்டென்று குறையும். 100 கிராம் எடைக்கும் குறைவான தொடுதலே இதற்குப் போதும் என்று ஆய்வுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்தத் தொடுதலால் உடம்பைத் தாங்க முடியாது. ஆனால் 'இந்தப் பக்கம் சாய்கிறாய்' என்று விரல் நுனித் தோல் மூளைக்குச் செய்தி அனுப்பிவிடுகிறது. தோல் இழுபடுவதையும் அழுத்தப்படுவதையும் உணரும் நரம்பு முனைகள் உடம்பு முழுக்க இருக்கின்றன. ஒட்டிப் பிடிக்கும் சட்டை, தோள் திரும்பினாலும் இடுப்பு நெளிந்தாலும் அந்த முனைகளை இழுத்து உசுப்பும் என்பதுதான் இதன் பின்னால் இருக்கிற கருத்து. எனக்கு இது அழகான கருத்தாகப் படுகிறது. ஆனால் இறுக்க உடைகளை வைத்து நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல இல்லை. தன் மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு மந்தமாக இருப்பவர்களுக்குப் பலன் கூடுதலாகவும், அது ஏற்கெனவே கூர்மையாக இருப்பவர்களுக்குக் குறைவாகவும் தெரிகிறது. நன்றாகச் சுடுகிறவர்கள் இரண்டாவது வகையில்தான் வருவார்கள்.

உடம்பில் எந்த இடம் என்பதும் முக்கியம். பத்தமடைப் பக்கம் கோரையைக் கட்டுக் கட்டாகக் கட்டுவார்கள். ஒரே கயிற்றை ஒரே பலத்தில் இழுத்துக் கட்டினாலும், பெரிய கட்டைவிடச் சின்னக் கட்டில்தான் கயிறு ஆழமாகப் பதியும். துணியும் அப்படித்தான். இழுவை ஒன்றாக இருந்தால், மெல்லிய முன்கையில் அழுத்தம் கூடும், அகன்ற மார்பில் குறையும். ஒரே அளவுச் சட்டை இரண்டு பேருக்கு ஒரே அழுத்தத்தைத் தராது.

சரி, விதி என்ன சொல்கிறது? உடம்பு, கை, கால்களின் அசைவை அளவுக்கு மீறிக் கட்டுப்படுத்துகிற எந்த உடைக்கும் கருவிக்கும் சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனம் தடை போட்டிருக்கிறது. தசைக்கு மேலே தோலில் ஒட்டும் கினீசியோ டேப்பும் கூடாது. மூட்டைக்காரரின் துண்டு இங்கே செல்லாது. ரைஃபிள் சுடுகிறவர்கள் மேலே போடும் விறைப்பான ஜாக்கெட்டின் கனம் 2.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, துணி எவ்வளவு விறைப்பு என்பதையும் கருவி வைத்து அளப்பார்கள். ஜாக்கெட்டுக்கு உள்ளே சாதாரண உள்ளாடையோ பயிற்சி உடையோதான் போடலாம், அதற்கும் அந்த 2.5 மில்லிமீட்டர் கணக்கு உண்டு. பிஸ்டல்காரர்கள் சுடும் கையில் கைக்கடிகாரம் கூடக் கட்டக் கூடாது, மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுத்துவிடும் என்பதால். கறுப்புச் சட்டை பயிற்சி உடையா, கட்டுப்படுத்தும் உடையா என்பதைக் கடைக்காரர் சொல்லி நம்பக் கூடாது. போட்டிக்கு முன்பே கருவிச் சோதனை மேசையில் காட்டிக் கேட்டுவிட வேண்டும். சுட்டு முடித்த பிறகும் சோதனை உண்டு, அதில் தவறினால் தகுதி நீக்கம்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை நம்ம ஊர் வெயில். சித்திரையில் பாளையங்கோட்டையில் ஏசி இல்லாத ஹாலில், கேன்வாஸும் தோலும் வைத்துத் தைத்த ஜாக்கெட்டுக்குள்ளே இன்னொரு இறுக்கமான சட்டை! வியர்வை ஆவியாகப் போக வழி குறைந்தால் உடம்பு சூடேறும். உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 கூடும். துடிப்பு கூடக் கூட, இரண்டு துடிப்புக்கு நடுவே கிடைக்கிற அமைதியான இடைவெளி சுருங்கும். அதோடு, பாதி மூச்சை விட்டு நிறுத்திச் சுடுகிறவளுக்கு மார்பைச் சுற்றி இறுக்கம் இருந்தால் அந்த மூச்சே மாறிவிடும். தோல் அனுப்பும் செய்தியால் கிடைத்த லாபத்தை இதயம் எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆடிச் சாரல் காற்றில் போட்டுப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னால் சித்திரைக்கு அது பொருந்தாது.

அதனால் அவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். ஒரு நாள் பழைய காட்டன் பனியன், ஒரு நாள் கறுப்புச் சட்டை, இரண்டு வாரத்துக்கு மாற்றி மாற்றி. தினமும் அதே நேரம், அதே 60 ஷாட். ஒவ்வொரு 10 ஷாட்டுக்கும் தசமப் புள்ளியோடு ஸ்கோர், பக்கத்திலேயே நாடித் துடிப்பு. முக்கியமாகக் கடைசி இருபது ஷாட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், சூடும் அலுப்பும் தெரிவது அங்கேதான். நேற்று சாயங்காலம் தேதி போட்டு முதல் வரி எழுதியாகிவிட்டது: காட்டன் பனியன், ஆரம்பத்தில் துடிப்பு 78, முடிவில் 96.