முதல் மூன்று மீட்டர்

நீச்சல் குளத்தின் ஆழமான முனை. தரையைத் தொட இன்னும் ஒரு கை தூரம்தான் பாக்கி. வலது காதுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல வலி. சுவாசக் கருவி மாட்டிக்கொண்டு முக்குளிக்கும் ஸ்கூபா பயிற்சியின் முதல் நாள். கூட வந்தவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், நான் மட்டும் பின்தங்குவதா என்ற வீம்பு வேறு. மூக்கைப் பிடித்துக்கொண்டு பலங்கொண்ட மட்டும் ஊதினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாக ஊதினேன். பயிற்சி தந்த அண்ணன் என்னைப் பார்த்ததும், விரித்த உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தம் காதைச் சுட்டினார். 'காது சரியில்லையா?' என்பதற்கு நீருக்கடியில் அதுதான் சைகை. தலையாட்டினேன். தோளைப் பிடித்து ஒரு மீட்டர் மேலே கொண்டுவந்தார். அங்கே லேசாக ஊதியதுமே 'பொளக்' என்று காது திறந்துகொண்டது.

அத்தனை பலத்துக்கும் அசையாத அடைப்பு, கொஞ்சம் மேலே வந்ததும் ஒரு சின்ன மூச்சுக்குத் திறப்பானேன்?

உடம்பில் பெரும்பகுதி நீர். நீரை அழுத்திச் சுருக்குவது அநேகமாக முடியாத காரியம் என்பதால் கைக்கும் காலுக்கும் ஆழம் தெரிவதில்லை. தெரிவது காற்று அடைபட்ட இடங்களுக்குத்தான். நுரையீரலுக்குக் கவலையில்லை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஏற்ற காற்றைச் சுவாசக் கருவியே தந்துவிடும். செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவி அப்படியில்லை. அது ஒரு குட்டி அறை, உள்ளே மேல்மட்டத்தில் இருந்தபோது நிரம்பிய காற்று.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அதாவது ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் சுமார் 100 கிராம். செவிப்பறையின் பரப்பு அரை சதுர சென்டிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஆக, மீட்டருக்கு ஒரு கோழிமுட்டையின் எடை அந்த மெல்லிய தோலின் மேல் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மீட்டரில் மூன்று முட்டை.

சிங்கப்பூரின் மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் உச்சியிலிருந்து மின்தூக்கியில் இறங்கும்போது காது அடைக்கிறதல்லவா? ஏறத்தாழ 200 மீட்டர் உயரக் காற்றின் எடைதான் அது. தண்ணீர்க் கணக்கில் கால் மீட்டர்கூட வராது. சென்னையிலிருந்து வரும் விமானம் சாங்கி விமான நிலையத்தில் இறங்குவதும் அதே கதைதான். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் தரையில் இருப்பதற்கும் உள்ள மொத்த வித்தியாசமே சுமார் இரண்டரை மீட்டர் தண்ணீருக்குச் சமம். குழந்தைகள் வீறிட, பெரியவர்கள் மிட்டாய் சப்ப, அரைமணி நேரத்தில் நடப்பதை நான் குளத்தில் சில விநாடிகளில் செய்திருக்கிறேன்.

ஆழம் போகப் போகத்தான் காதுக்குச் சிரமம் என்று நானும் நினைத்திருந்தேன். உண்மை தலைகீழ். முதல் 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்காகி, அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கிறது. அடுத்த 10 மீட்டரில் அந்தப் பாதி, மூன்றில் ஒரு பங்காகிறது. வேகமான மாற்றமெல்லாம் மேல்மட்டத்துக்குப் பக்கத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

நடுச்செவிக்கு இருக்கும் ஒரே வாசல் யூஸ்டேக்கியன் குழாய். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய மருத்துவர் யூஸ்டாக்கியின் பெயர் தாங்கியது. சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளம். மூக்கின் பின்புறம், தொண்டைக்கு மேலே திறக்கும். காதுப் பக்கம் எலும்பு, தொண்டைப் பக்கம் குருத்தெலும்பும் மெல்லிய தசையும். இந்த மெல்லிய பகுதி வழக்கமாக மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதோ கொட்டாவி விடும்போதோ மேலண்ணத் தசை இழுத்து ஒரு கணம் திறந்துவிடும்.

கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிற தேத்தண்ணீரை நினைத்துப் பாருங்கள். கடைசிச் சொட்டையும் ஸ்ட்ராவால் உறிஞ்சினால் பையின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். உறிஞ்ச உறிஞ்ச இறுக்கம்தான் கூடும். குழாயின் மென்மையான பகுதிக்கும் இதே கதி. சுமார் ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்கு ஈடான வித்தியாசம் சேர்ந்துவிட்டால், அதைத் திறக்கும் தசைக்குப் பலம் போதாது. குழாய் பூட்டிக்கொள்கிறது. நான் ஊதிய ஊதலெல்லாம் பூட்டிய கதவில் தோள் கொடுத்த மாதிரிதான். மேலே வந்ததும் வித்தியாசம் குறைந்தது, பூட்டு விட்டது.

மூக்கைப் பிடித்து ஊதும் முறைக்கு வால்சால்வா என்று பெயர். இத்தாலிய மருத்துவர் வால்சால்வா 1704-இல் வெளியிட்ட நூலில் இதைச் சொன்னது முக்குளிப்போருக்காக அல்ல, காதில் சேர்ந்த சீழை வெளியேற்றுவதற்கு! மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவது டாயின்பீ முறை. அந்த ஆங்கிலேய மருத்துவர் காதிரைச்சலுக்கு மருந்து தேடி, குளோரோஃபார்ம் போன்ற ஆவிகளை முகர்ந்து நடுச்செவிக்குள் செலுத்திப் பார்க்கும் சோதனையைத் தன்மீதே செய்து 1866-இல் இறந்துபோனார். எனக்குப் பிடித்தது ஃபிரென்செல் முறை: மூக்கைப் பிடித்து, தொண்டையை மூடி, நாக்கின் பின்பகுதியை பம்ப் போல மேலே தள்ளுவது. நெஞ்சின் பலம் இதில் வேலை செய்யாது, அதுதான் இதன் நன்மை. முக்கி முக்கி ஊதினால் உட்செவி திரவத்தின் அழுத்தமும் ஏறி, நடுச்செவிக்கும் உட்செவிக்கும் இடையிலுள்ள சவ்வு கிழியலாம். கேட்கும் திறனே போய்விடக்கூடிய காயம் அது.

வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கினால், நடுச்செவியின் வெற்றிடம் சுற்றியுள்ள திசுவிலிருந்து நீரையும் இரத்தத்தையும் உறிஞ்சி இடத்தை நிரப்பிக்கொள்ளும். செவிப்பறை கிழிந்தால் வலி சட்டென்று நின்றுபோகும், ஆனால் குளிர்ந்த நீர் உள்ளே போய் தலை கிறுகிறுக்கும். மேல் எது கீழ் எது என்றே தெரியாது.

"காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுப் போப்பா" என்றார் அம்மா. நீர் புகாத அடைப்பானாக இருந்தால் இன்னும் மோசம்; அதற்கும் செவிப்பறைக்கும் நடுவே புதிதாக ஒரு காற்றறை உருவாகும், அதைச் சமன்படுத்த வழியே கிடையாது.

பிறகு சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவருகே கடலில் இறங்கினேன். மலாயில் பேய்த்தீவு என்று பொருள். கலங்கிய தண்ணீர் பெயருக்குப் பொருத்தம். தரை கண்ணுக்குத் தெரியாததால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கால் கீழாக இறங்கினோம். தலைகீழாக இறங்குவதைவிட இப்படிக் காது எளிதில் திறக்கும், நினைத்த இடத்தில் நிற்கவும் முடியும். படகிலேயே ஒருமுறை, தலை நனைந்ததும் ஒருமுறை, அப்புறம் ஒவ்வொரு முழத்துக்கும் ஒருமுறை, வலி வருமுன்பே நாக்கைத் தள்ளினேன்.

மேலே வரும்போது எதுவும் செய்யத் தேவையில்லை. விரிகிற காற்று தானே வழி பண்ணிக்கொண்டு வெளியேறும். சளியோடு, மூக்கடைப்புக்கு மருந்து போட்டுக்கொண்டு இறங்கியவர்களுக்குத்தான் சிக்கல். மருந்தின் வீரியம் அடியில் இருக்கும்போது தீர்ந்தால், குழாய் வீங்கி, காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எங்கள் குழுவில் ஒருவர் அன்று தும்மிக்கொண்டே வந்தார். அண்ணன் அவரைப் படகிலேயே உட்காரவைத்துவிட்டார்.